லேபிள் வரைபவர்கள் கேட்கும் கேள்விகள்: வெக்டர் வடிவங்களைத் திருத்துவது எப்படி?

கொடைக்கானலில் சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், மலைப்பூண்டு, தாண்டிக்குடிக் காப்பி என்று எதை விற்பவருக்கும் ஒரு லேபிள் தேவைப்படுகிறது. முன்பெல்லாம் வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்கிப் போய், அச்சகத்தில் கணினிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் இடப்பக்கம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிச் சொல்லி வரைய வைப்பார்கள். இப்போது பலர் வீட்டிலேயே வெக்டர் வடிவங்களாக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டு வடிவங்களாக, வரையத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்பவை இவை. விடைகள் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளை வைத்து எழுதியவை. அதே வகை மென்பொருளான கோரல்டிரா எங்கே முரண்படுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறேன்.

அச்சகத்தில் எல்லாரும் கோரல்தானே வைத்திருக்கிறார்கள்? நான் ஏன் இங்க்ஸ்கேப் கற்க வேண்டும்?

காசு மிச்சம், வேறென்ன? இங்க்ஸ்கேப் 2003 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் இலவச மென்பொருள். கோரல்டிரா 1989 முதல் இருக்கிறது. நம் பக்கத்து அச்சகங்கள் அதில் ஊறிப்போனவை. அங்கே வேலைக்குச் சேரப் போகிறீர்கள் என்றால் கோரல் கற்றுக்கொள்ளுங்கள். சொந்தக் கடைக்கு லேபிள் போட இங்க்ஸ்கேப் போதும், போதுமானதற்கு மேலேயே இருக்கிறது. நோடு (கோடு கடந்து போகும் புள்ளி), கைப்பிடி (நோடிலிருந்து நீண்டு வளைவைத் திருப்பும் சிறு கோல்), பாதை (நோடுகளை இணைக்கும் கோடு) என்ற அடிப்படைகள் இரண்டிலும் ஒன்றே.

செவ்வகம் வரைந்தேன். ஒரு மூலையை மட்டும் உள்ளே தள்ளப் பார்த்தால் முழுச் செவ்வகமும் சேர்ந்து மாறுகிறது. ஏன்?

நீங்கள் வரைந்தது இன்னும் "செவ்வகம்" என்ற பொருளாகவே இருக்கிறது. அகலம், உயரம், மூலை வளைவு ஆகிய அளவுகளைத்தான் மென்பொருள் நினைவில் வைத்திருக்கிறது. தனித்தனி மூலை என்று அதற்கு ஒன்றும் தெரியாது. வட்டம், நட்சத்திரம், சுருள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மூலைகளைத் தனியே பிடிக்க வேண்டுமென்றால் அதைப் பாதையாக மாற்ற வேண்டும்: பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்', அல்லது ஷிஃப்ட் கன்ட்ரோல் சி. கோரலில் கன்ட்ரோல் க்யூ. பிறகு 'என்' விசையை அழுத்தினால் நோடுகளைத் திருத்தும் கருவி வரும். நான்கு மூலையிலும் நான்கு நோடுகள் தெரியும்.

ஆனால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். செவ்வகமாக இருக்கும்வரை மூலை வளைவை எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம், குறைக்கலாம். வலப்பக்க மேல் மூலையில் உள்ள சிறு வட்டத்தை இழுத்தால் நான்கு மூலையும் ஒரே அளவில் உருளும். பாதையாக்கிவிட்டால் ஒவ்வொரு வளைந்த மூலையும் இரண்டிரண்டு நோடுகளாகிவிடும். "வளைவு 5 மில்லிமீட்டர்" என்ற தகவலே கோப்பில் இருக்காது. தைலப் புட்டியின் அளவு மாறிவிட்டது, லேபிளைக் கொஞ்சம் உயரமாக்க வேண்டும் என்று அடுத்த மாதம் தேவை வரும்போது அந்த நான்கு மூலைகளும் சப்பையாக இழுபடும். மூலப் பிரதி ஒன்றைத் தாளுக்கு வெளியே நகர்த்தி வைத்துவிட்டு, நகலை மட்டும் பாதையாக்குங்கள். ஒரே ஒரு மூலையை உருட்டுவதுதான் நோக்கம் என்றால், பாத் எஃபெக்ட் பட்டியலில் 'கார்னர்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. பின்னால் திரும்பவும் மாற்றிக்கொள்ள அது இடம் கொடுக்கும்.

கொடைக்கானல் ஏரியின் வடிவத்தை என் விடுதியின் சின்னமாக வரைகிறேன். கரையோரம் நெடுக நோடு வைத்தேன். ஏன் நெளிநெளியாக இருக்கிறது?

நோடுகள் அதிகம். இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகளுக்கு இதுவே விடை என்று வைத்துக்கொள்ளலாம்.

1863-இல் ஆங்கிலேய ஆட்சிக்கால அதிகாரி லெவிஞ்ச் கரை கட்டித் தேக்கிய இந்த ஏரி நட்சத்திரம்போல் கை விரித்துக் கிடக்கிறது. பயிற்சிக்கு இதைவிட நல்ல வடிவம் கிடைக்காது. கையால் பென்சில் ஓட்டுவதுபோல் சிறு சிறு தூரத்துக்கு ஒரு சொடுக்கு வைத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு நோடும் தன் பங்குக்கு ஒரு சிறு கோணத்தைக் கொண்டுவரும். கை நடுக்கம் அத்தனையும் கோட்டில் பதியும். பிறகு ஒரு விரிகுடாவைக் கொஞ்சம் அகலமாக்க நினைத்தால் இருபது நோடுகளைச் சேர்த்து நகர்த்த வேண்டியிருக்கும். நகர்த்தினாலும் இரு முனைகளிலும் பிசிறு தட்டும்.

இப்படிச் செய்து பாருங்கள். ஏரியின் வரைபடத்தை ஓர் அடுக்கில் (லேயர்) போட்டு, வெளிறச் செய்து, அடுக்கைப் பூட்டிவிடுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை எடுத்தால் உரிய நன்றிக் குறிப்புடன் தாராளமாகப் பயன்படுத்தலாம். இப்போது சுட்டியைத் தொடாமல் கரையைக் கண்ணால் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். நீர் ஒரு கையாக நீண்டு போய் முடியும் நுனி, இரண்டு கைகளுக்கு நடுவே நிலம் ஏரிக்குள் மூக்கை நீட்டும் இடம். இந்த இரண்டு வகை இடங்களில் மட்டும் நோடு வையுங்கள். அதாவது, கோடு அதிகமாகத் திரும்புகிற இடங்களில். நுனியிலிருந்து மூக்கு வரை போகும் கரை வளைந்து மறுபக்கம் வளைந்தாலும் நடுவே நோடு வேண்டியதில்லை. இரு கைப்பிடிகளும் எதிரெதிர்ப் பக்கம் நீண்டிருந்தால் அந்த நெளிவு தானாக வந்துவிடும்.

வைத்து முடித்ததும் கைப்பிடிகளைச் சரிசெய்யுங்கள். கைப்பிடியின் நீளம் அந்த வளைவின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருந்தால் கோடு இயல்பாக ஓடும். அதைவிட மிகவும் நீண்டால் புடைத்து, முறுக்கிக்கொண்டு, சுழி விழும். மிகவும் குறைந்தால் விறைப்பாகிவிடும். எல்லாம் முடிந்த பிறகு, சின்னத்தை நகத்தளவு சுருக்கிப் பாருங்கள். ஏரி என்று தெரிந்தால் போதும். உண்மைக் கரையின் ஒவ்வொரு பள்ளமும் வேண்டும் என்பவர் நில அளவைத் துறைக்கு வரைகிறார், விடுதிக்கு இல்லை.

கைப்பிடியை எங்கே இழுத்தாலும் கோடு அதன் முனையைத் தொடுவதே இல்லை. மென்பொருளில் கோளாறா?

இல்லை, அதன் இயல்பே அதுதான். ஒரு வளைவுத் துண்டுக்கு நான்கு புள்ளிகள்: இரண்டு நோடுகள், இரண்டு கைப்பிடி முனைகள். கோடு நோடுகளின் வழியாக மட்டுமே போகும். கைப்பிடி, கோடு எந்தத் திசையில் கிளம்ப வேண்டும், எவ்வளவு வேகத்தில் கிளம்ப வேண்டும் என்பதைச் சொல்லும். தன்னிடம் வரச் சொல்லாது. கணக்கில் பார்த்தால், வளைவின் பாதி வழியில் ஒவ்வொரு நோடின் செல்வாக்கும் அரைக்கால் பங்கு (1/8), ஒவ்வொரு கைப்பிடி முனையின் செல்வாக்கும் காலே அரைக்கால் பங்கு (3/8). நடுவில் கைப்பிடிகளின் கை ஓங்குவதும், ஆனாலும் அவை கோட்டை முழுதாக இழுத்துக்கொள்ள முடியாமல் போவதும் இதனால்தான்.

இந்த வளைவுகள் லேபிளுக்காகவோ எழுத்துருவுக்காகவோ பிறந்தவை அல்ல. பிரான்சில் கார்களின் உடலை வரைவதற்காக சிட்ரோயன் நிறுவனத்தில் பால் த காஸ்தல்ஜோ 1959-இல் இவற்றில் வேலை செய்தார். நிறுவனம் அதை ரகசியமாக வைத்திருந்தது. ரெனோ நிறுவனத்தின் பொறியாளர் பியர் பெசியே தன் வேலையை வெளியிட்டார். 'பெசியே வளைவு' என்று பெயர் அவருக்குப் போய்விட்டது. தொழிலில் இதெல்லாம் நடப்பதுதான்.

இன்னொரு வேடிக்கை: இந்த வகை வளைவால் துல்லியமான வட்டத்தை வரையவே முடியாது. நான்கு நோடுகள் வைத்து, கைப்பிடியை ஆரத்தின் 0.5523 மடங்கு நீளத்துக்கு நீட்டினால், வட்டத்துக்கு மிக அருகில் வரும். அந்தப் பிழையை அச்சில் எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

கூர் நோடு, மிருது நோடு, சமச்சீர் நோடு… எதை எங்கே வைப்பது?

யூகலிப்டஸ் இலை ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானலில் அதற்குப் பஞ்சமில்லை. முதிர்ந்த இலை அரிவாள்போல் ஒரு பக்கமாக வளைந்திருக்கும். அதை வரைய இரண்டே நோடுகள் போதும்: காம்பில் ஒன்று, நுனியில் ஒன்று. இரண்டும் கூர் நோடுகள் (ஷிஃப்ட் சி). கூர் நோடின் இரு கைப்பிடிகளும் ஒன்றுக்கொன்று கட்டுப்படாமல் தனித்தனியே திரும்பும். வெளிவிளிம்பின் கைப்பிடிகளை நீளமாகவும் உள்விளிம்பின் கைப்பிடிகளை அதே பக்கமாகக் கொஞ்சம் குட்டையாகவும் வைத்தால் இலை வந்துவிடும். பலர் இதற்கு எட்டு, பத்து நோடு வைத்துவிட்டு இலை வாழைக்காய்போல் இருக்கிறது என்கிறார்கள்.

மிருது நோடு (ஷிஃப்ட் எஸ்) என்றால் இரு கைப்பிடிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கும், நீளம் மட்டும் வேறுபடலாம். ஏரிக்கரைக்கு இதுவே. சமச்சீர் நோடில் (ஷிஃப்ட் ஒய்) நீளமும் ஒன்றாகிவிடும்; அலை, மணி போன்றவற்றுக்கு உதவும், மற்றபடி எனக்கு அதிகம் தேவைப்பட்டதில்லை. தானியங்கி மிருது (ஷிஃப்ட் ஏ) கைப்பிடியைத் தானே கணக்கிடும். முதல் வரைவுக்கு நல்லது, முடிந்த வேலையில் அப்படியே விட்டுவைக்காதீர்கள்.

தேவையில்லாத நோடை நீக்கினால் கோடு வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

வெறும் டெலீட் அழுத்தினால், இங்க்ஸ்கேப் இருபக்கத்துக் கைப்பிடிகளையும் நீட்டி, பழைய வடிவத்தைக் காப்பாற்றப் பார்க்கும். கன்ட்ரோலுடன் டெலீட் அழுத்தினால் அந்த முயற்சி கிடையாது; நோடு போனது போனதுதான், கோடு குறுக்கே பாயும். முதல் வகையிலும் வடிவம் அதிகமாக மாறினால் அந்த நோடுக்கு உண்மையிலேயே வேலை இருந்தது என்று பொருள். கன்ட்ரோல் இசட் போட்டுத் திரும்ப வையுங்கள்.

மலைப்பூண்டின் படம் வரைந்தேன். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துவரவில்லை.

இரண்டு பக்கமும் தனித்தனியே வரைந்தால் ஒருநாளும் ஒத்துவராது. பாதியை மட்டும் வரையுங்கள். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து பூம்பாறைப் பக்கத்தில் பூண்டுப் பைகளுக்கு லேபிள் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள்; ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நடுவில் செங்குத்தாக ஒரு வழிகாட்டிக் கோட்டை இழுத்துக்கொள்ளுங்கள். மேலே பூண்டுத் தாளின் நுனியிலிருந்து தொடங்கி, கழுத்தில் ஒடுங்கி, வயிற்றில் அகன்று, வேர் இருக்கும் அடியில் முடியும் இடப்பாதிக்கு நான்கு நோடுகள் தாராளம். முதல் நோடும் கடைசி நோடும் வழிகாட்டியின்மேல் கச்சிதமாக உட்கார வேண்டும். ஸ்னாப் வசதியை இயக்கினால் தானே ஒட்டும். கவனிக்க வேண்டிய இடம் அடி நோடு. அதன் கைப்பிடி சரியாகக் கிடைமட்டமாக இருக்க வேண்டும். கொஞ்சம் மேலோ கீழோ சாய்ந்திருந்தாலும், இரு பாதிகளையும் சேர்த்த பிறகு பூண்டின் அடியில் ஒரு மூக்கோ பள்ளமோ தெரியும். கைப்பிடியை இழுக்கும்போது கன்ட்ரோலை அழுத்திப் பிடித்தால் கிடைமட்டத்தில் நிறுத்துவது எளிது. மேல் நுனி கூராகவே இருக்கலாம்.

இனி கன்ட்ரோல் டி போட்டு நகலெடுத்து, 'எச்' அழுத்திப் புரட்டி, வழிகாட்டிக்கு மறுபக்கம் கொண்டுபோய் ஒட்டுங்கள். இரண்டையும் தேர்ந்து கன்ட்ரோல் கே அழுத்தினால் ஒரே பாதையாகும். ஆனாலும் முனைகள் இன்னும் ஒட்டவில்லை. நோடு கருவியில் மேல் நுனியைச் சுற்றிச் சட்டமிட்டு இரண்டு நோடுகளையும் தேர்ந்து ஷிஃப்ட் ஜே, அடியிலும் அதுவே. பற்களைப் பிரிக்கும் கோடுகளை மட்டும் இரு பக்கமும் கொஞ்சம் மாற்றி வரையுங்கள். எல்லாமே கண்ணாடி பிம்பமாக இருந்தால் பூண்டு பொம்மைபோல் ஆகிவிடும்.

கோரலில் பழகியவன் நான். இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல் எல் அழுத்தினேன், வரைந்தது உருகிப்போய்விட்டது!

பலரும் விழுகிற குழி இது. கோரலில் கன்ட்ரோல் எல் என்றால் சேர்த்தல், கன்ட்ரோல் கே என்றால் பிரித்தல். இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல் கே சேர்த்தல். பிரிப்பதற்கு ஷிஃப்ட் கன்ட்ரோல் கே. கன்ட்ரோல் எல் நோடுகளைக் குறைத்து வடிவத்தை எளிமையாக்கும். விரைந்து பலமுறை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் கூடுதல் வலிமையோடு செய்யும். கை பழகும்வரை விசைகளை மறந்துவிட்டு மெனுவையே பயன்படுத்துங்கள்.

சாக்லேட் பெட்டியின் முகப்பில் தூண் பாறை வடிவில் ஒரு ஜன்னல் வெட்ட வேண்டும். எப்படி?

பெட்டி முகப்பு கீழே, பாறை வடிவம் அதன்மேல். இரண்டையும் தேர்ந்து பாத் மெனுவில் 'டிஃபரன்ஸ்'. மேலே இருப்பது கத்தி, கீழே இருப்பது காகிதம். வரிசை மாறினால் பாறை, பெட்டி இரண்டுமே காணாமல் போகும். 'யூனியன்' இரண்டையும் ஒன்றாக்கும், 'இன்டர்செக்ஷன்' பொதுவான பகுதியை மட்டும் விட்டுவைக்கும். மூன்று தூண்களையும் தனித்தனியே வரைந்திருந்தால் முதலில் அவற்றை யூனியன் செய்துவிடுங்கள். எதிர்பார்த்தபடி வெட்டாவிட்டால், வடிவங்கள் குழுவாகக் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஷிஃப்ட் கன்ட்ரோல் ஜி குழுவைக் கலைக்கும்.

2023-இல் வந்த 1.3 பதிப்பில் 'ஷேப் பில்டர்' என்ற கருவி சேர்ந்தது. ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் வடிவங்களைத் தேர்ந்துவிட்டு, வேண்டிய பகுதிகளின்மேல் சுட்டியை இழுத்தால் சேரும். ஷிஃப்டுடன் இழுத்தால் நீங்கும். டிஃபரன்ஸ், இன்டர்செக்ஷன் என்று யோசித்துக் குழம்புவோருக்கு இது வரம்.

குறிஞ்சிப் பூவின் ஐந்து மடல்களையும் ஒரே அளவில் சுற்றி வைப்பது எப்படி?

2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான் என்பதால் நேரில் பார்த்து வரைய முடியாது. நல்ல புகைப்படத்தைப் பாருங்கள். பூ மணி வடிவம். அடியில் ஒன்றாக இணைந்து, விளிம்பில் ஐந்து மடல்களாகப் பிரியும்.

முகப்பிலிருந்து பார்ப்பதுபோல் ஒரு மடலை வரையுங்கள். தேர்வுக் கருவியில் அதை இன்னொரு முறை சொடுக்கினால் சுழற்றும் அம்புகளும் நடுவில் ஒரு சிறு கூட்டல் குறியும் வரும். அந்தக் குறியை மடலின் அடிக்கு, பூவின் மையம் எங்கே வர வேண்டுமோ அங்கே, இழுத்து வையுங்கள். 360-ஐ ஐந்தால் வகுத்தால் 72. கன்ட்ரோல் பிடித்துச் சுழற்றினால் 15 பாகையாகத்தான் தாவும், 72-இல் நிற்காது. ஆகவே ஷிஃப்ட் கன்ட்ரோல் எம் அழுத்தி, 'ரொட்டேட்' பக்கத்தில் 72 என்று கொடுங்கள். கன்ட்ரோல் டி, 'அப்ளை'. இப்படி நான்கு முறை. பிறகு ஐந்தையும் யூனியன் செய்தால் மடல்களுக்கு நடுவே ஐந்து கூரிய பள்ளங்கள் இருக்கும். அந்த நோடுகளை வெளிப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினால்தான் அது குறிஞ்சி. அப்படியே விட்டால் எந்தப் பூ என்று கேட்பார்கள்.

லேபிளைச் சிறிதாக்கினால் கோடுகள் மட்டும் தடித்துத் தெரிகின்றன.

வடிவம் சுருங்கியது, கோட்டின் தடிமன் சுருங்கவில்லை. தேர்வுக் கருவியின் மேல் பட்டையில், அளவு மாறும்போது கோட்டுத் தடிமனும் மாற வேண்டுமா என்பதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி வையுங்கள். இறுதிப் பிரதியில் 'ஸ்ட்ரோக் டு பாத்' (கன்ட்ரோல் ஆல்ட் சி) செய்து கோட்டையே வடிவமாக்கிவிடலாம். ஆனால் அதன் பிறகு கோட்டை வளைக்க இருபக்க விளிம்பையும் இழுக்க வேண்டும். கடைசியில் மட்டும் செய்யுங்கள்.

அச்சகத்தில் திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதறிப்போகின்றன.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்து அது அவர்களிடம் இல்லையென்றால் ஆங்கில எழுத்துக் குப்பை தெரியும். யூனிகோடில் தட்டியிருந்தாலும், இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாத பழைய மென்பொருளில் 'கொடைக்கானல்' என்ற சொல்லின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: அனுப்பும் பிரதியில் எழுத்தைப் பாதையாக்கிவிடுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்த மூலக் கோப்பு வேறாக இருக்கட்டும். விலை மாறும், உரிம எண் மாறும்.

பாதையான எழுத்தைப் பிரித்தால் 'ன', 'ல' ஆகியவற்றின் சுழிக்குள் இருக்கும் வெற்றிடமும் தனி வடிவமாகி நிறம் அடைத்துக்கொள்ளும். வெளிவடிவத்தையும் உள்வடிவத்தையும் தேர்ந்து கன்ட்ரோல் கே அழுத்துங்கள்; ஓட்டை திரும்பும். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்புவதானால், ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் எழுத்துகளை யூனியன் செய்யாமல் அனுப்பாதீர்கள். இயந்திரம் விளிம்பை மட்டுமே பார்க்கும். எழுத்துக்கு நடுவிலும் கத்தி ஓடும்.

காட்டெருமைப் புகைப்படத்தை மென்பொருளே வெக்டராக மாற்றித் தராதா?

தரும். 'ட்ரேஸ் பிட்மேப்' (ஷிஃப்ட் ஆல்ட் பி). வெளிர்வானத்துக்கு எதிரே கருப்பாக நிற்கும் உருவம் என்றால் நன்றாகவே வரும். புல்லும் மூடுபனியும் கலந்த படம் என்றால் நூற்றுக்கணக்கான நோடுகளோடு ஒரு கறைதான் கிடைக்கும். அப்போது அந்தக் கறையைப் பூட்டி வைத்து அதன்மேல் கையால் வரைவதே விரைவு: கொம்பு, திமில், முதுகின் சரிவு, கால்கள். படம் உங்களுடையதாகவோ அனுமதி பெற்றதாகவோ இருக்கட்டும்.

அச்சகத்துக்கு என்ன கோப்பு அனுப்புவது?

பிடிஎஃப் அனுப்புங்கள், இங்க்ஸ்கேப்பில் திருத்தும் மூலக் கோப்பான எஸ்விஜி உங்களிடம் இருக்கட்டும். பின்னணி நிறம் வெட்டுக்கோட்டைத் தாண்டி நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். இங்க்ஸ்கேப் வரைவது திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில். அச்சுக்கான நான்கு மைக்கு மாறும்போது பளிச்சென்ற ஊதாவும் பச்சையும் மங்கும். குறிஞ்சி ஊதா வேண்டுமென்று அடம்பிடிப்பவர்கள் ஒரு மாதிரித் தாளை அச்சிட்டுப் பார்த்த பிறகு மொத்தமாகக் கொடுங்கள்.

வெட்டுக்கோடு தனி அடுக்கில், நிறம் நிரப்பாத மெல்லிய கோடாக, மூடிய பாதையாக இருக்க வேண்டும். மூடியிருக்கிறதா என்று பார்க்க, நீங்கள் வரையத் தொடங்கிய நோடைப் பிடித்துக் கொஞ்சம் இழுங்கள். அதன் அடியில் இன்னொரு நோடு தங்கிவிட்டால் பாதை திறந்திருக்கிறது. கன்ட்ரோல் இசட் போட்டுப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, இரண்டையும் சட்டமிட்டுத் தேர்ந்து, ஷிஃப்ட் ஜே அழுத்திவிட்டு அனுப்புங்கள்.